மூன்று மணி ஏழு நிமிடம்: உதகையில் ஓர் அரை மாரத்தான்

வெள்ளிக்கிழமை, உதகை

தஞ்சாவூரில் ஓடிப் பழகியவர்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். புதுஆறு என்று நாங்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாயின் கரையில், வயலும் வாய்க்காலும் இருபுறமும் தட்டையாக விரிந்து கிடக்க, ஐந்து ஆண்டுகளாக விடியற்காலையில் ஓடி வருகிறேன். கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தைக்கூட எட்டாத அந்த மண்ணில் பயிற்சி எடுத்து எட்டு அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். ஒன்பதாவது ஓட்டத்துக்காக, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்துக்கு இன்று மதியம் வந்து சேர்ந்தேன். ஞாயிறு காலை நடக்கப்போகும் இந்த ஓட்டம் இந்த ஆண்டுதான் தொடங்குகிறது. முதல் ஆண்டு ஓட்டங்களில் ஏற்பாடுகள் முன்பின்னாக இருக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும், ஒரு மலையூர் தன் சாலையை முதன்முறையாக ஓடுகிறவர்களுக்கென்று ஒதுக்கிவைக்கும் காலையில் அங்கே இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எங்கள் குழுவிலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறோம். நான், அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றும் அக்கா ஒருவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். குழுவில் எல்லோரும் அவரைக் கார்டு சார் என்றுதான் கூப்பிடுகிறோம். அவருக்கு வயது 63. ஓய்வு பெற்ற பிறகே ஓடத் தொடங்கியவர். சமவெளியில் அரை மாரத்தானை 2 மணி 40 நிமிடத்தை ஒட்டி முடித்துவிடுவார். வேகத்தை அவர் பொருட்படுத்துவதில்லை. முதல் கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினாரோ, கடைசிக் கிலோமீட்டரையும் அதே நிமிடத்தில் ஓட வேண்டும் என்பது மட்டுமே அவருடைய கணக்கு.

செம்மொழி எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் பயணம் செய்து கோவையில் இறங்கி, மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து அரசுப் பேருந்தில் ஏறினோம். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற நடைமுறை 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்த வேலை இல்லை. கல்லாற்றின் பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. குன்னூர் வரை 14 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கார்டு சார் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துச் சாலையின் சாய்வை மனத்துக்குள் அளந்துகொண்டே வந்தார். அக்கா கண்களை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்தார்.

உதகைப் பேருந்து நிலையத்தில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுதிக்கு நடந்தபோது, சிறிய ஏற்றம் ஒன்றில் எனக்கு மூச்சு வாங்கியது. ஓடவில்லை, வேகமாகக்கூட நடக்கவில்லை. நேற்று காலை எட்டுக் கிலோமீட்டர் ஓடிவிட்டுச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த நெஞ்சு இது என்பதை நம்ப முடியவில்லை. இன்று எழுத இவ்வளவுதான். ஒன்பது மணிக்கெல்லாம் கம்பளிக்குள் புகுந்துவிட வேண்டும்.

சனிக்கிழமை, உதகை

இரவில் இரண்டு முறை விழிப்பு வந்தது. உயரமான இடத்தில் முதல் இரவுத் தூக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொன்னார். காலையில் எழுந்ததும் எங்கள் மூவரின் விரலிலும் ஆக்சிமீட்டரைப் பொருத்திப் பார்த்தார். தஞ்சாவூரில் 98 காட்டிய எனக்கு இங்கே 94. ஓய்வில் 58 ஆக இருக்கும் நாடித்துடிப்பு 70-ஐ எட்டியிருந்தது. மலையில் ஆக்சிஜன் குறைவு என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். ஆனால் காற்றில் அதன் பங்கு எங்கும் நூற்றுக்கு 21-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. உதகையில் அது கடல் மட்டத்து அழுத்தத்தில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைய, அதை ஈடுகட்ட நெஞ்சு விரைவாக வாங்குகிறது, இதயமும் விரைவாக அடிக்கிறது. உடல் இதற்குப் பழகி இரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாள் விடுப்பில் வந்தவர்களுக்கு அது வாய்க்காது. ஓட்டத்துக்கு முந்தைய நாள் வந்து இறங்கி, உடல் தடுமாறத் தொடங்குவதற்குள் ஓடிவிடுவது, அல்லது இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே வந்து தங்குவது என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம்.

மார்பு எண் அட்டையும் நேரம் பதியும் சில்லும் வாங்கப் போன இடத்தில் நல்ல கூட்டம். கோவை, ஈரோடு, பெங்களூரு என்று பல ஊர்க்காரர்கள் இருந்தாலும், என் கண் உள்ளூர்க்காரர்கள் பக்கமே போனது. வெலிங்டனிலிருந்து வந்த ராணுவ இளைஞர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் இன்னொரு பக்கம். அந்தப் பிள்ளைகளில் சிலர் பழைய கான்வாஸ் காலணிகளுடன் வந்திருந்தார்கள். பள்ளிக்குப் போகவும் வரவும் ஏறி இறங்கும் கால்கள் அவை. நாளை யார் முன்னால் போவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கையில் கொடுத்த தாளில் ஒரு வரி நல்ல வரி: தண்ணீர் நிலையங்களில் நெகிழிப் புட்டியோ காகிதக் குவளையோ இருக்காது, எவர்சில்வர் டம்ளரில்தான் தண்ணீர், முடிந்தவர்கள் சொந்தக் குவளை கொண்டுவரவும். நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளுக்கு இந்த மாவட்டத்தில் தடை இருக்கிறது. ஊருக்குள் நாணயம் போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். சமவெளி ஓட்டங்களில் தண்ணீர் நிலையத்தைத் தாண்டியதும் நசுங்கிய குவளைகளை மிதித்துக்கொண்டு ஓடிப் பழகிய எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. இன்னொரு வரி மட்டும் உறுத்தியது: 21.1 கிலோமீட்டருக்குக் கால எல்லை மூன்று மணி நேரம். கடற்கரை நகரங்களில் வைக்கிற அதே மூன்று மணி நேரம்.

மதியத்துக்கு மேல் குன்னூர்ப் பேருந்தில் ஏறி ஓட்டப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தோம். சேரிங் கிராஸில் தொடங்கி, ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, குன்னூர்ச் சாலையில் லவ்டேல் சந்திப்பு, வேலி வியூ, கேத்திப் பிரிவு வழியாக எல்லநள்ளியை நெருங்கும் இடம் வரை போய், வந்த வழியே திரும்ப வேண்டும். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பேருந்திலிருந்து இறங்கிய கார்டு சார், “கடனா வாங்கிட்டு, வட்டியோட கட்டுற ரோடும்மா இது” என்றார்.

மாலையில் அறையில் உட்கார்ந்திருந்தபோது 1968 ஒலிம்பிக்ஸ் பற்றிப் பேச்சு வந்தது. அது நடந்த மெக்சிகோ நகரத்தின் உயரமும் 2,240 மீட்டர்தான். உதகையின் உயரமேதான். 1964-இல் டோக்கியோவில் அபேபே பிகிலா மாரத்தானை 2 மணி 12 நிமிடம் 11 நொடியில் ஓடி வென்றிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மெக்சிகோவில் அவர் பாதியில் விலக நேர்ந்தது. வென்றவர் அவருடைய நாட்டவரான மாமோ வோல்டே. ஆனால் அவருடைய நேரம் 2 மணி 20 நிமிடம் 26 நொடி. இரண்டு ஓட்டங்களும் வேறு, ஆட்களும் வேறு, வெயிலும் வேறு. ஒன்றுக்கொன்று சரியாகப் பொருத்திப் பார்க்கக்கூடிய கணக்கு அல்ல. ஆனாலும், எத்தியோப்பிய மலைநாட்டில் வளர்ந்த, உலகின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே எட்டு நிமிடம் கூடுதலாகப் பிடித்த உயரம் அது என்பதை நினைத்தபோது, நாளைக்கு என்று நான் மனத்தில் குறித்துவைத்திருந்த நேரத்தை அழித்துவிட்டேன். இரவு ஏழு மணிக்கே இட்லி சாப்பிட்டு முடித்தோம். வெளியே குளிர் கடுமையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, உதகை

விரலில் இன்னும் நடுக்கம் இருக்கிறது. இருந்தாலும் இன்றைய நாளை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஐந்தரை மணிக்குச் சேரிங் கிராஸில் நின்றோம். பேசினால் வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்தது. புல்தரையில் உறைபனி மெல்லிய உப்புப் படலம்போல் கிடந்தது. ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம் 6.20-க்குத்தான் தொடங்கியது, விருந்தினர் ஒருவர் வருவதற்காகக் காத்திருந்தார்கள். உடலைச் சூடுபடுத்தி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த இருபது நிமிடத்தில் மறுபடி விறைத்துப்போனோம். சமவெளியில் இருபது நிமிடத் தாமதம் ஒரு சலிப்பு, அவ்வளவுதான். உறைபனிக் காலத்து மலையில் அது தசைப்பிடிப்புக்கு அழைப்பு. அதோடு, காலை ஒன்பது மணிக்குச் சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிடுவார்கள் என்று முந்தைய நாளே அறிவித்திருந்தார்கள். இந்தத் தாமதத்தின் கணக்கைக் கடைசியில் வருகிறவர்கள்தான் தீர்க்க வேண்டியிருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஊருக்குள் ஓடிய முதல் மூன்று கிலோமீட்டரில், கடை திறக்க வந்தவர்கள் கதவைப் பாதி தூக்கிய நிலையில் நின்று பார்த்தார்கள். குன்னூர்ச் சாலையில் திரும்பியதும் இறக்கம் தொடங்கியது. என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பறந்தார்கள். இறக்கத்தில் நெஞ்சு நோகாது. கால் தானாகப் போகும். கைக்கடிகாரம் இதுவரை காட்டாத வேகத்தைக் காட்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. அந்த வேலை தசை நார்களை நுண்ணிய அளவில் கிழிக்கும். அதன் வலி உடனே தெரிவதில்லை. திரும்பும் வழியில் கால் கல்லாகும்போதும், மறுநாள் படி இறங்கும்போதும்தான் தெரியும். அடியைச் சுருக்கி, முழங்காலைச் சற்றே மடித்து, பிரேக் போடாமலும் பாயாமலும் ஓடும்படி கார்டு சார் நேற்று சொல்லியிருந்தார். முதல் ஐந்து கிலோமீட்டர் அப்படியே ஓடினேன். ஆறாவதில் மனம் கேட்கவில்லை. கொஞ்சம் பறந்துவிட்டேன்.

வேலி வியூவை நெருங்கும்போது வெளிச்சம் வந்தது. கேத்திப் பள்ளத்தாக்கின் அடியில் வெண்மூட்டம் தேங்கியிருக்க, அதற்கு மேலே படிப்படியாக வெட்டிய காரட் வயல்களும், நெருக்கமாக நிற்கும் சிறு சிறு வீடுகளின் ஓடுகளும் ஒவ்வொன்றாகத் தெளிந்துவந்தன. சாலையோரத்தில் வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளைப் போர்வையுமாக நான்கைந்து படகப் பெரியவர்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு ஓட்டக்காரரையும் முகம் பார்த்துக் கைகூப்பினார்கள். ஓடிக்கொண்டே கைகூப்பிப் பழக்கமில்லாததால், நான் ஒருமுறை நின்று வணங்கிவிட்டு ஓடினேன். அதற்குச் செலவான நொடிகளைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அதற்குச் சற்றுக் கீழே தேயிலைச் சரிவில் இரண்டு காட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே நின்ற வனப் பணியாளர்கள் கையைத் தாழ்த்திச் சைகை காட்ட, நாங்கள் ஐம்பது பேரும் சத்தமில்லாமல் நடந்து கடந்தோம். ஓட்டத்தின் நடுவே அப்படியொரு மௌனத்தை நான் இதற்குமுன் கண்டதில்லை.

திரும்பும் இடத்தில் கைக்கடிகாரம் 10.7 காட்டியது. சுற்றி நின்றவர்கள் தூரம் தவறு என்று சத்தம் போட்டார்கள். அவசியமில்லாத சத்தம். ஓட்டப் பாதையை அளக்கும் முறையான வழி, சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியால், வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில் அளப்பது. குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தே அளப்பார்கள். வளைந்து வளைந்து போகும் மலைச் சாலையில், நாம் ஓடும் கோடும் செயற்கைக்கோள் போடும் கோடும் அதோடு பொருந்தாது. ஆனால் கிலோமீட்டர்ப் பலகைகள் இரண்டு இடத்தில் மாறி நின்றன என்பது உண்மை. 14-க்குப் பிறகு 16 வந்து, அதன்பின் 15 வந்தது.

அங்கிருந்து ஏற்றம். 200 மீட்டரை ஒட்டிய உயரத்தைப் பத்துக் கிலோமீட்டரில் திரும்ப ஏறவேண்டும். ஏட்டில் பார்த்தால் பெரிய சாய்வு அல்ல. தஞ்சாவூரில் மேம்பாலத்தில் பத்து முறை ஏறி இறங்கியபோது இதைவிடச் செங்குத்தாகத்தான் ஏறினேன். ஆனால் அந்தப் பாலத்துக்கு முடிவு இருந்தது. முடிவில் மூச்சு திரும்பியது. இங்கே மூச்சு திரும்பவே இல்லை. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மூன்று அடிக்கு ஒரு மூச்சு இழுத்து, மூன்று அடிக்கு ஒரு மூச்சு விட முடிகிறதா, ஓடு. இரண்டு அடிக்குச் சுருங்குகிறதா, நட. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு மீதித் தூரத்தைக் கடந்தேன். எனக்கு முன்னால், முதுகில் சாக்குக் கட்டிய இரண்டு பெண்கள் தோட்டத்து வேலைக்கு அதே ஏற்றத்தில் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். நூறு மீட்டர் தூரத்துக்கு அவர்களை என்னால் முந்த முடியவில்லை. அவர்களுடைய நடையைப் பார்த்துத்தான் சிறிய அடி, சீரான அடி என்பது எப்படி இருக்கும் என்று புரிந்துகொண்டேன்.

பதினேழாவது கிலோமீட்டர்த் தண்ணீர் நிலையத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தது. டம்ளர்களைக் கழுவி அடுக்கி வைத்துக்கொண்டு, கல்லூரி மாணவிகள் மூன்று பேர் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார்கள். குளிரில் வியர்வை தெரியாது. உலர்ந்த மலைக்காற்றில் ஒவ்வொரு மூச்சோடும் உடலின் நீர் வெளியே போவதும் தெரியாது. தாகம் எடுக்கவில்லை என்பதால் நீர் வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குப் போட்டிருந்தால், அது தவறான கணக்கு. எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர் ஒரு குடம் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தார். அதில் அரை டம்ளர் குடித்துவிட்டு நகர்ந்தேன். அந்த அரை டம்ளர்தான் என்னைச் சேரிங் கிராஸ் வரை கொண்டுவந்து சேர்த்தது.

என் நேரம் 2 மணி 38 நிமிடம். சமவெளியில் நான் ஓடுவதைவிட 20 நிமிடம் கூடுதல். அக்கா எனக்கு முன்பே, 2 மணி 31 நிமிடத்தில் முடித்திருந்தார். நான் நினைத்ததுபோலவே முன்வரிசையில் வந்தவர்கள் எல்லோரும் மலைப் பிள்ளைகளும் ராணுவ இளைஞர்களும்தான்.

நாங்கள் இருவரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கார்டு சாருக்காகக் காத்திருந்தோம். ஒன்பது மணிக்குச் சாலையைத் திறந்துவிட்டார்கள். பேருந்துகளும் சுற்றுலா வேன்களும் காய்கறி லாரிகளும் வரிசையாக வரத் தொடங்கின. 9.20-க்கு, அதாவது மூன்று மணி நேரம் முடிந்த அதே நிமிடத்தில், நேரம் பதியும் பாயைச் சுருட்டிவிட்டார்கள். பதக்கப் பெட்டியையும் மூடினார்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் சாலையில் இருக்கிறார்கள் என்று நான் போய்ச் சொன்னேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது.

9.27-க்கு அவர் வந்தார். இடப்பக்க ஓரத்தில், ஒரு பேருந்துக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவே, எப்போதும் ஓடும் அதே அடியில் வந்தார். அந்தப் பேருந்தின் ஓட்டுநர் அவரை முந்தாமல், ஒலிப்பானையும் அடிக்காமல், பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் நின்ற வாகனங்களும் பொறுத்துக்கொண்டன. முடிவுக்கோட்டில் அலங்கார வளைவு கட்டியிருந்த இடத்தில் வெறும் கம்பங்கள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஓடி நின்று, தன் கைக்கடிகாரத்தை அழுத்தினார். 3 மணி 7 நிமிடம். பதினெட்டாவது கிலோமீட்டரில் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார்களாம். கால் நடக்கும்வரை வருகிறேன் என்று சொல்லி மறுத்திருக்கிறார். பதக்கம் கிடைக்கவில்லை என்று நான்தான் ஆற்றாமைப்பட்டேன். அவரோ, “முதல் கிலோமீட்டரும் கடைசிக் கிலோமீட்டரும் ஒரே டைம்மா” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். இறக்கத்தில் பறக்காமல், ஏற்றத்தில் உட்காராமல் இந்தச் சாலையை அப்படி ஓடுவது எவ்வளவு கடினம் என்பது, ஆறாவது கிலோமீட்டரில் பறந்துவிட்ட எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை, மலை ரயிலில்

தொடை இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. விடுதிப் படிகளைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினேன். கார்டு சார் நேராக இறங்கினார்.

இரண்டு மணி ரயிலில் மேட்டுப்பாளையம் வரை இடம் பதிவு செய்திருந்தோம். 1908-இல் உதகை வரை நீண்ட பாதை இது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. லவ்டேலைக் கடந்ததும் கேத்திப் பள்ளத்தாக்கு திறந்தது. தூரத்தில் மரங்களுக்கு நடுவே நாங்கள் ஓடிய சாலையின் ஒரு துண்டு தெரிந்தபோது, மூவரும் ஒரே பக்கச் சன்னலுக்குப் போனோம். குன்னூருக்கு மேலே பல் தண்டவாளம் இல்லாமலேயே எஞ்சின் இழுத்துவிடும் என்றும், குன்னூருக்கும் கல்லாற்றுக்கும் இடையில், 12 அடிக்கு ஓர் அடி ஏறும் இடங்கள் இருப்பதால், பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வியபடிதான் போக முடியும் என்றும் கார்டு சார் விளக்கினார். அங்கே வண்டியின் நேரம் தனி. சமவெளியில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடும் வண்டி இங்கேயும் அதே வேகத்தில் ஓட வேண்டும் என்று கால அட்டவணை போடும் ரயில்வேக்காரர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு அமைதியானார்.

அந்தப் பேச்சுதான், நேற்றிரவு முதல் நான் மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை மடியில் தாளை வைத்து எழுத உட்கார வைத்தது. ஏற்பாட்டாளர்களுக்கு எழுதும் கடிதம். எவர்சில்வர் டம்ளரையும், காட்டு மாடுகளுக்கு வழிவிட்ட ஏற்பாட்டையும், அந்த மாணவிகளையும் முதலில் பாராட்டினேன். பிறகு கணக்கை எழுதினேன். டோக்கியோ நேரத்துக்கும் மெக்சிகோ நேரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஆறு. சமவெளியின் மூன்று மணி நேரத்தோடு அந்த ஆறைச் சேர்த்தாலே, ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமலேயே, 3 மணி 10 நிமிடம் வந்துவிடுகிறது. எனவே அடுத்த ஆண்டு கால எல்லையை மூன்றரை மணி நேரமாக்க வேண்டும். சாலையை அதற்கேற்ப 9.30 வரை மூடிவைக்க அனுமதி பெற வேண்டும். அது முடியாதென்றால் ஐந்தரைக்கே தொடங்க வேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. கடைசி ஏழு கிலோமீட்டரில் தண்ணீரை இரட்டிப்பாக்க வேண்டும். மெக்சிகோவில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி, கீழே விழுந்து காயம்பட்ட முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, வோல்டே முடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, 3 மணி 25 நிமிடத்தில் கடைசியாக அரங்கத்துக்குள் வந்தார் என்பதையும் சேர்த்தேன். அவருடைய நேரம் இன்றுவரை ஒலிம்பிக் பட்டியலில் 57-வது இடத்தில் இருக்கிறது.

நேற்று 9.20-க்குப் பிறகு வந்தவர்களின் நேரத்தையும் முடிவுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, கார்டு சாரின் பெயரையும் மார்பு எண்ணையும் எழுதிக் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். தண்ணீர் பற்றிய வரியில், மாணவிகள் மேல் தவறில்லை என்று தெளிவாகச் சேர்க்கச் சொன்னார். பிறகு என் பேனாவை வாங்கித் தன் பெயரை மட்டும் அடித்துவிட்டு, “பேரு எதுக்கும்மா, டைம் மட்டும் இருக்கட்டும்” என்றார்.

குன்னூரில் எஞ்சின் மாற்றுவதற்காக வண்டி நின்றது. நீராவி எஞ்சினைப் பார்க்க அவர் நடைமேடையில் இறங்கிப் போனார். நான் அதே தாளில், அடித்த பெயருக்கு மேலே, 63 வயது, 3 மணி 7 நிமிடம் என்று எழுதினேன்.